தோட்டத்துச் சுள்ளிப் படப்பு: எது கோளாறு, எங்கே கை வைப்பது

கவாத்து செய்த கிளை, காற்றில் முறிந்த கொம்பு, வேலியில் வெட்டிய முள். இவற்றை எரிக்காமல் தோட்டத்து மூலையில் முறையாக அடுக்கி வைத்தால் அரணை, ஓணான், தேரை, அணில், தவிட்டுக்குருவி என்று ஒரு கூட்டமே வந்து ஒண்டும். முன்பு இந்த வேலையை உயிர்வேலி செய்தது. கிளுவையும் சங்கஞ்செடியும் ஆதண்டையும் பின்னிக் கிடந்த வேலியைப் பிடுங்கிவிட்டு நாம் காம்பவுண்டுச் சுவர் எழுப்பிவிட்டோம். அந்த உயிர்களுக்கு இப்போது மனைக்குள் வேறு போக்கிடம் இல்லை.

வைக்கோலை அடுக்கினால் படப்பு என்போம். இதுவும் அடுக்குவதுதான், எறிவது அல்ல. அதனால் நான் சுள்ளிப் படப்பு என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

மதுரைக்கு வடக்கே, அழகர்மலை தெரியும் தூரத்தில் எங்கள் வீடு. என் தோட்டத்தில் இரண்டு படப்புகள் இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டுச் சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் அவரவர் மனையில் போட்டார்கள். கோளாறு வந்தால் கூப்பிடுவார்கள், போய்ப் பார்ப்பேன். வருகிற கோளாறுகள் திரும்பத் திரும்ப அதே எட்டுப் பத்துதான். உங்கள் கண்ணில் படும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசில்லாமல் சரியாகிற காரணத்தை முதலிலும் செலவு வைக்கிறதைப் பிறகும் எழுதியிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று: படப்புக்குள் வெறுங்கையை விடாதீர்கள். செருப்பு இல்லாமல், இருட்டினால் டார்ச் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். எந்தச் சோதனையையும் நல்ல வெளிச்சத்தில், கையில் நீளமான கம்போடு செய்யுங்கள்.

அறிகுறி: மாதக்கணக்காகிவிட்டது, ஒன்றுமே வரவில்லை

எனக்கு அதிகம் வருவது இந்தப் புகார்தான். பாதிக்கு மேல் கேஸ்களில் வந்திருக்கும், பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் முதல் சோதனை சாம்பல்.

அடுப்புச் சாம்பலோ நைசான மணலோ சலித்து எடுத்து, சாயங்காலம் படப்பைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மெல்லிசாகத் தூவுங்கள். விடிந்ததும் குனிந்து பாருங்கள். நடுவே வால் இழுத்த கோடும் இரண்டு பக்கமும் விரல் பதிவுமாக இருந்தால் அரணை அல்லது ஓணான். இரண்டு விரல் முன்னும் இரண்டு பின்னுமாகப் பதிந்த பெரிய பறவைத் தடம் செம்போத்து. நகம் தெரியாமல் வட்டமாக இருந்தால் பூனை. நகப்புள்ளியோடு ஐந்து விரல் இருந்தால் கீரியாக இருக்கலாம். கோலிக்குண்டை உருட்டினாற்போல ஒழுங்கில்லாத குத்துக் குத்தான தடம் தேரை. வளைந்து நெளிந்த ஒற்றைக் கோடு என்னவென்று உங்களுக்கே தெரியும், அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

ஒரு வீட்டில், ஐந்து மாதமாக ஒரு குருவிகூட வரவில்லை என்று அந்த அக்கா வருத்தப்பட்டுக்கொண்டே இருந்தார். சாம்பல் தூவிவிட்டு வந்தேன். மறுநாள் காலை அவரே கூப்பிட்டார். "தம்பி, கால் வைக்க எடமில்லாம எழுதி வச்ச மாதிரி இருக்கு, சீக்கிரம் வாங்க." போய்ப் பார்த்தால் அரணைத் தடத்தின் மேல் தேரை நடந்து, அதன் மேல் ஏதோ குருவி தத்தி, ஒரு மூலையில் கீரி வந்து மோந்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தது. அவர் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டு விளக்கு வைத்த பிறகு வீடு திரும்புகிறவர். பகலில் நடக்கிறதையும் ராத்திரி நடக்கிறதையும் பார்க்க வழியே இல்லை.

*சாம்பலில் தடம் இருக்கிறது:* கோளாறு இல்லை. படப்பிலிருந்து இருபது அடி தள்ளி ஒரு நாற்காலி போட்டு, காலை ஆறரையிலிருந்து எட்டு வரை அசையாமல் உட்காருங்கள்.

*மூன்று நாள் தூவியும் தடம் இல்லை:* கீழே உள்ளதை வரிசையாகப் பாருங்கள்.

நாள் போதவில்லை. சித்திரையில் போட்டுவிட்டு ஆடியில் தேரையைத் தேடாதீர்கள். ஐப்பசி மழை ஒன்று இறங்க வேண்டும். அரணை மட்டும் சில வாரங்களிலேயே வந்துவிடும்.

இடைவெளி இல்லை. முழங்கால் உயரத்தில் ஒரு கம்பைப் படுக்கையாக உள்ளே விடுங்கள். தடையில்லாமல் நடுப்பகுதி வரை போக வேண்டும். முட்டி நின்றுவிட்டால் உங்களிடம் இருப்பது விறகுக் கட்டு, வீடு அல்ல. அடியில் கட்டையே இல்லாமல் சுள்ளியை மட்டும் கொட்டினால் இப்படித்தான் ஆகும். கடப்பாரையால் ஒரு பக்கத்தை நெம்பித் தூக்கி, மணிக்கட்டுப் பருமனுள்ள கிளையைக் குறுக்கே செருகுங்கள். எதிர்ப்பக்கத்திலும் அதேபோல் செய்யுங்கள். உள்ளே ஓட ஒரு வழி, தப்பிக்க ஒரு வழி என்று இரண்டு வாசலாவது வேண்டும்.

அத்துவான வெளியில் இருக்கிறது. பக்கத்தில் ஐந்தாறு எட்டுக்குள் ஒரு செடியோ மரமோ இல்லாவிட்டால் குருவி அங்கே இறங்கத் தயங்கும். வல்லூறு தூக்கிவிடும் என்ற பயம் அதற்கு. படப்பின் மேல் கோவைக்கொடி, முசுமுசுக்கை, தூதுவளை இவற்றில் ஒன்றை ஏற்றிவிடுங்கள். கோவைப்பழம் சிவந்ததும் கொண்டைக்குருவி தானாக வரும்.

தண்ணீர் இல்லை. மண் தட்டில் இரண்டு அங்குல ஆழத்துக்குத் தண்ணீர், நடுவில் ஏறி நிற்க ஒரு கல். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொட்டி மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டை வைக்கும்.

விளக்கும் பூனையும். ராத்திரி முழுக்க எரியும் எல்.இ.டி. விளக்கு படப்பின் மேல் விழுந்தால் திருப்பி வையுங்கள். பூனைத்தடம் இருந்தால் மேலே ஒரு அடுக்கு இலந்தை முள்ளோ சீமைக்கருவேல முள்ளோ போடுங்கள்.

பூச்சிமருந்து. சரியாவதற்கு அதிக நாள் பிடிப்பது இதுதான். உங்கள் ரோஜாவுக்கோ பக்கத்து வீட்டுக் கொய்யாவுக்கோ மருந்து அடித்துக்கொண்டிருந்தால் அரணைக்குத் தீனி ஏது? நிறுத்திவிட்டு ஒரு மழைக்காலமாவது பொறுத்திருக்க வேண்டும்.

அறிகுறி: பாம்பைப் பார்த்தேன்

"பாம்புக்கு நீங்களே வீடு கட்டிக் குடுக்குறீகளே தம்பி" என்று எதிர்வீட்டுப் பெரியம்மா முதல் நாளே கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. படப்பில் பாம்பு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வரும். அதனால்தான் படப்பை எங்கே போடுகிறோம் என்பது அதை எப்படி அடுக்குகிறோம் என்பதைவிட முக்கியம்.

*பகலில், வீட்டிலிருந்து தள்ளி, வந்த வேகத்தில் போய்விட்டது*

சாரையாக இருக்க வாய்ப்பு அதிகம். பகலில் எலி தேடித் திரிவது அதன் வழக்கம், விஷம் கிடையாது. ஆனால் கண்ணை நம்பி முடிவு செய்யாதீர்கள். நல்லபாம்பு படமெடுக்காதபோது சாரை மாதிரியே தெரியும். விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனையும் கட்டுவிரியனையும் பழகியவர்களே மாற்றிச் சொல்வதுண்டு. இது என்ன பாம்பு என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. பத்தடி தள்ளி நிற்பதுதான் உங்கள் வேலை. அது தன் வழியில் போகும்.

இதே பாம்பு வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வந்தால் உங்கள் தோட்டத்தில் எலி இருக்கிறது. அடுத்த தலைப்பைப் பாருங்கள், அதைச் சரிசெய்தால் இது குறையும்.

*வாசல்படி, குளியலறை, கோழிக்கூண்டுப் பக்கம் வந்தது*

முதலில் படப்பிலிருந்து சுவர் வரை அளந்து பாருங்கள். முப்பது அடி இருந்தால் படப்பைக் குறை சொல்லாமல் வீட்டைச் சுற்றி வாருங்கள். கழிவுநீர்க் குழாய் வாயில் ஜல்லடை இருக்கிறதா? கதவுக்கு அடியில் விரல் நுழையும் சந்து இருக்கிறதா? வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கல், ஓடு, ஆற்றுமணல் மூட்டை சுவரோரம் கிடக்கிறதா? நான் போய்ப் பார்த்த பல வீடுகளில் பாம்பு இருந்தது அந்தச் செங்கல் அடுக்கில்தான். வெயிலில் சுட்டு ராத்திரி வெதுவெதுப்பாக இருக்கும் இடம் அது. அதை அகற்றினாலே போதும்.

படப்பு சுவருக்குப் பத்தடிக்குள் இருந்தால் மறுபேச்சில்லாமல் இடம் மாற்ற வேண்டும். ஒரு ஆளின் ஒரு நாள் கூலி ஆகும். எப்படிப் பிரிப்பது என்பதைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். மனையே மூன்று சென்ட்தான் என்றால் ஆள் உயரப் படப்பு வேண்டாம். மூலையில் நாலைந்து கட்டையை மண்ணில் பாதி புதைத்து முழங்காலுக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள், தேரைக்கும் அரணைக்கும் அது போதும்.

*வீட்டுக்குள் நுழைந்துவிட்டது, அல்லது நகராமல் அங்கேயே கிடக்கிறது*

தீயணைப்பு மீட்புப் பணித் துறைக்கு 101, அல்லது 112. ஆள் வரும் வரை ஒருவர் மட்டும் தூரத்தில் நின்று அது எங்கே போகிறது என்று கண் வையுங்கள். மற்றவர்கள், முக்கியமாகப் பிள்ளைகளும் நாயும், வேறு அறைக்குப் போகட்டும். அடிக்கக் கிளம்புகிறவர்கள்தான் கடிபடுகிறார்கள். நல்லபாம்பும் சாரையும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. அடிப்பது குற்றமும்கூட.

*கடித்துவிட்டது*

108. வேறு எந்தச் சோதனையும் இல்லை. கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை வைப்பது எதுவும் கூடாது. மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், நடக்கவிடாமல், விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பாம்பைப் பிடித்து எடுத்துப்போக வேண்டாம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே மருந்துதான். 1978இல் தொடங்கி சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அந்த மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுக்கிறது. பாம்பை நமக்கு முன்பே நன்றாகத் தெரிந்துவைத்திருந்தவர்கள் அவர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டுவிரியன் ராத்திரியில் வரும். தூங்குகிறவர்களைக் கடித்தால் வலியும் தெரியாது, பல் பட்ட தடமும் தெரியாமல் போகலாம். தோட்டம் உள்ள வீட்டில் ஒருவர் விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழுந்து, இமை சொருகி, எச்சில் விழுங்க முடியவில்லை என்றால், கடித்ததா இல்லையா என்று பேசிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். தரையில் பாய் விரித்துப் படுப்பதை விட்டுக் கட்டிலில், கொசுவலையை மெத்தைக்கு அடியில் சொருகிப் படுங்கள்.

அறிகுறி: எலி, பெருச்சாளி குடியேறிவிட்டது

முதலில் அது எலிதானா என்று பாருங்கள். நீண்ட மூக்கோடு, கீச்சிட்டுக்கொண்டு சுவரோரமாக ஓடுவது மூஞ்சூறு. நாற்றம் அடிக்கும், ஆனால் அதற்கு முக்கியத் தீனி கரப்பானும் புழுவும்தான். விட்டுவிடுங்கள்.

எலிதான் என்றால் முதல் காரணம் சமையலறை. மீந்த சோற்றையும் காய்கறித் தோலையும் படப்பின் மேல் எறிகிறவர்கள் நிறையப் பேர். குப்பை மக்கட்டும் என்று நினைத்துச் செய்கிறார்கள். அது எலிக்குப் பந்தி. எரு குழி வேறு, படப்பு வேறு. இரண்டாவது காரணம் கோழித் தீவனமும் நாய்த் தட்டும் ராத்திரி வெளியே கிடப்பது. மூன்றாவது, பழுத்து விழுந்த சப்போட்டாவும் கொய்யாவும் பொறுக்காமல் கிடப்பது. மூன்றையும் நிறுத்தினால் மூன்று நான்கு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

படப்பின் அடியில் புதுமண் குவிந்த பெரிய வளை இருந்தால் பெருச்சாளி. சாயங்காலம் எல்லா வாயையும் ஈரமண் உருண்டையால் அடையுங்கள். காலையில் எது திறந்திருக்கிறதோ அதில்தான் ஆள் இருக்கிறது. அந்த வாயருகே எலிக்கூண்டில் சுட்ட கருவாடோ தேங்காய்ச் சில்லோ வையுங்கள்.

எலி மருந்து மட்டும் வைக்காதீர்கள். மருந்து தின்று தள்ளாடும் எலியைத்தான் கூகையும் கீரியும் சாரையும் எளிதாகப் பிடிக்கும். எலியைத் தின்ன வந்ததும் சேர்ந்து சாகும், அடுத்த வருடம் எலி இரண்டு மடங்கு இருக்கும்.

*ஆள் கூப்பிட வேண்டியது:* வளை அஸ்திவாரத்துக்கு அடியில் போனால், அல்லது தளம் ஒரு இடத்தில் தொய்ந்தால் கொத்தனார். எலி நடமாடும் ஈரத்தில் வெறுங்காலில் நின்று வேலை செய்த பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் வந்தால் மருத்துவர். எலிக்காய்ச்சலாக இருக்கலாம், எங்கே வேலை செய்தீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

அறிகுறி: படப்பு அமுங்கிவிட்டது, சரிகிறது, நாறுகிறது

நெஞ்சுயரப் படப்பு ஒரு வருடத்தில் இடுப்புயரம் ஆனால் அது கோளாறு இல்லை. மரம் மக்குகிறது. தை, மாசியில் கவாத்து செய்யும்போது மேலே ஒரு அடுக்கு ஏற்றுங்கள்.

இரண்டே மாதத்தில் அமுங்கினால் மரத்தைப் பாருங்கள். முருங்கை, அகத்தி, பப்பாளி, வாழைத்தண்டு எல்லாம் ஒரு மழைக்குத் தாங்காது. அடிக்கட்டைக்குப் புளி, வேம்பு, கருவேலம், நாவல், புங்கை மாதிரி கெட்டி மரம் வேண்டும். நாலு முதல் ஆறு அங்குலப் பருமன் உள்ள கட்டைகளை அரையடி இடைவெளி விட்டு ஒரு வரிசை, அதன் மேல் குறுக்காக ஒரு வரிசை. பிறகு கிளை, அதன் மேல் சுள்ளி, உச்சியில் முள்.

ஒரு பக்கமாகச் சரிந்தால் பிரிக்காதீர்கள். உள்ளே யாரோ இருக்கிறார்கள். மூன்று கவைக்கம்பு எடுத்து உச்சியில் ஒன்றோடொன்று கோத்து, சரிந்ததன் மேல் முக்காலி போல நிறுத்துங்கள். புதுக் கிளைகளை அதில் சாய்த்தால் பழையதே அடித்தளமாகிவிடும்.

கறுப்பாக ஒழுகி நாறினால் பச்சை இலையும் புல்லும் அதிகம் போட்டிருக்கிறீர்கள். மேல் அடுக்கில் உள்ளதை மட்டும் வாரி எரு குழிக்கு மாற்றுங்கள். இனிமேல் கிளையைப் போடும் முன் ஒரு வாரம் வெயிலில் காயவிட்டு இலையை உதறிவிடுங்கள்.

அறிகுறி: குச்சி துளிர்க்கிறது

பச்சையாகப் போட்ட கிளுவை, பூவரசு, முருங்கை, கல்யாண முருங்கை மண்ணைத் தொட்டால் போத்து ஊன்றினாற்போல வேர் பிடிக்கும். இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் உள்ளே இருந்த சாற்றில் துளிர்த்தது, தானே காயும். வராவிட்டால் வேர் விட்டிருக்கிறது. கிளுவை வேர் விட்டால் நான் தொடமாட்டேன். படப்புக்கு உயிருள்ள ஒரு சுவர் இலவசமாகக் கிடைத்தது என்று விட்டுவிடுவேன்.

உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் முளைத்தால் விடாதீர்கள். பறவை எச்சத்திலும் நெற்றிலும் விதை வரும். மழை பெய்த மறுநாள், சாண் உயரத்துக்குள் இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். சீமைக்கருவேல முள்ளைப் போடும்போதே காய்களை உதறிவிடுவது இன்னும் நல்லது.

அறிகுறி: கரையான்

படப்பின் கட்டையில் மண் பூசியிருந்தால் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று பொருள். படப்புக்கு வரும் பாதிப் பேர் இந்தத் தீனியை நம்பித்தான் வருகிறார்கள். முதல் மழைக்கு ஈசல் கிளம்பும் சாயங்காலம் என் படப்பருகே போய் நின்றால், தேரைகள் வட்டமாக உட்கார்ந்து நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும், மேலே கரிச்சான் ஒவ்வொன்றாகக் கொத்தும். படப்புக்கு மருந்து அடிப்பவர்களை இந்த ஒரு சாயங்காலத்துக்காகவே தடுப்பேன்.

பார்க்க வேண்டியது வீட்டுச் சுவரை. மண்பாதை சுவரில் ஏறியிருந்தால் ஒரு சாண் நீளத்துக்குச் சுரண்டிவிட்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். பழையபடி பூசியிருந்தால் உயிரோடு இருக்கிறது. படப்போ விறகோ சுவரைத் தொட்டிருந்தால் தள்ளி வையுங்கள். சுவரில் ஈரக்கசிவு இருந்தால் குழாய்க்காரரைக் கூப்பிடுங்கள். நிலைக்கதவைத் தட்டும்போது பொத்தென்று உள்ளீடற்ற சத்தம் கேட்டால் கரையான் ஒழிப்பு ஆள் வர வேண்டியதுதான். அவரிடமும் மருந்து அஸ்திவாரத்தோடு நிற்கட்டும், படப்புக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

அறிகுறி: தென்னங்குருத்து கத்தரித்தாற்போல வருகிறது

புது மட்டை விரியும்போது கத்தரிக்கோலால் முக்கோணமாக வெட்டியது போல இருந்தால் காண்டாமிருக வண்டு. அது முட்டையிடுவது மக்கிய எருவிலும் மக்கிய தென்னந்துண்டிலும் பனந்துண்டிலும். படப்பின் அடியில் தென்னந்துண்டு போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பிளந்தால் கட்டைவிரல் பருமனில், அரைவட்டமாகச் சுருண்ட வெள்ளைப் புழு தெரியும். படப்பில் நான் சமரசமே செய்யாத இடம் இது. தென்னை, பனைத் துண்டுகளை எடுத்து வெளியேற்றுங்கள், புழுவைக் கோழிக்குப் போடுங்கள். வேம்பும் புளியும் கிடக்கட்டும், அவற்றால் தென்னைக்குத் தொல்லை இல்லை.

மரத்தில் ஓட்டையும், அதில் செந்நிறச் சாறும், மென்று துப்பிய நாரும் இருந்தால் அது சிவப்புக் கூன்வண்டு. மரம் உள்ளே கூடாகிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கே வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்கள்.

அறிகுறி: படப்பருகே வேலை செய்த பிறகு அரிப்பு, காய்ச்சல்

அரிப்பு மட்டும் என்றால் கம்பளிப்பூச்சி மயிராகவோ செவ்வெறும்பாகவோ இருக்கும். சோப்புப் போட்டுக் குளித்தால் அடங்கும்.

ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் கடும் காய்ச்சலும் தலைவலியும் வந்தால் உடம்பு முழுவதும் தேடுங்கள். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடம், காதுக்குப் பின்னால். சிகரெட்டால் சுட்டது போல வலியில்லாத கறுப்புப் பொருக்கு ஒன்று இருந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கக்கூடும். ஸ்கரப் டைபஸ் என்பார்கள். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியின் இளம்பருவம் கடித்து வருவது. பொருக்கு இல்லாமலும் வரும். நேரத்தோடு போனால் டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரையில் குணமாகும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து. புதரில் வேலை செய்தேன் என்ற ஒரு வரியை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

தடுப்பதற்கு: முழுக்கைச் சட்டை, கால்சட்டையைக் காலுறைக்குள் விடுவது, வேலை முடிந்ததும் உடுப்பை வெந்நீரில் போட்டுக் குளிப்பது. படப்பைச் சுற்றி மூன்றடிக்குப் புல்லை ஒட்ட வெட்டி வைப்பது.

அறிகுறி: கதண்டு, ராட்சத நத்தை

படப்புக்குள் நாலைந்து அறை கொண்ட சின்னக் குளவிக்கூடு இருந்தால் அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் போதும். கால்பந்து அளவுக் கூடாகக் கதண்டு கட்டியிருந்தால் புகை போடாதீர்கள், கல் எறியாதீர்கள், 101.

உள்ளங்கை அளவு ஆப்பிரிக்க நத்தை மழைக்காலத்தில் படப்பில் ஒளிந்து ராத்திரி பப்பாளியையும் கீரையையும் தின்னும். நனைத்த கோணிச்சாக்கின் அடியில் பப்பாளி இலையை வைத்தால் விடியற்காலையில் அங்கே கூடியிருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத்தண்ணீரில் போடுங்கள். வெறுங்கை ஆகாது.

அறிகுறி: அக்கம்பக்கம் புகார்

கொசு என்று சொன்னால் உடனே போய்ப் பாருங்கள். சுள்ளியில் தண்ணீர் தேங்காது. ஆனால் அதன் மேல் யாரோ எறிந்த சிரட்டை, டீக் கப், இளநீர்க் கூடு, பாலிதீன் பை எல்லாவற்றிலும் தேங்கும். டெங்குக் கொசுவுக்கு அது போதும். வாரம் ஒரு முறை பொறுக்கிவிடுங்கள்.

தீ என்று சொன்னாலும் நியாயம்தான். மின்கம்பிக்கு அடியிலோ, அடுத்தவர் குப்பை எரிக்கும் சுவரோரமோ படப்பு இருக்கக் கூடாது. பங்குனி பிறந்ததும் சுற்றிலும் காய்ந்த புல்லைச் செதுக்கிவிடுங்கள். போகிக்கு முந்தின நாள் பிள்ளைகள் விறகு தேடி வருவார்கள். அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டிவிடுங்கள். எங்கள் தெருவில் அதன் பிறகு ஒரு சுள்ளி காணாமல் போனதில்லை.

படப்பைப் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால்

கொளுத்தாதீர்கள். வெளியே ஓடத் தெரிந்தது ஓடிவிடும். முட்டையும் குஞ்சும் மழைக்குக் காத்து மண்ணுக்குள் கிடக்கும் தேரையும் அப்படியே வெந்துபோகும்.

படப்பில் தவிட்டுக்குருவியோ செம்போத்தோ நார் கவ்விக்கொண்டு நுழைவதைப் பார்த்தால், குஞ்சு பறக்கும் வரை ஒரு மாதத்துக்கு மேல் பொறுங்கள். இல்லாவிட்டால் மழையில்லாத நாளில், காலை ஒன்பது மணிக்கு, முட்டளவு பூட்சும் தடித்த தோல் கையுறையும் போட்டுக்கொண்டு இரண்டு பேராகத் தொடங்குங்கள். நீளக் கம்பால் நாலு பக்கமும் தட்டிவிட்டுக் கால்மணி நேரம் காத்திருங்கள். மேலிருந்து கீழாக, அடுக்கு அடுக்காக, நீளக் கொக்கியால் இழுத்து எடுங்கள். பாதி ஆனதும் நிறுத்திவிடுங்கள். மீதியை ராத்திரி முழுக்க அப்படியே விட்டால் உள்ளே இருப்பவை தாமாகவே இடம் மாறும். புதுப் படப்பின் அடிக்கட்டையை முதல் நாளே போட்டுவைத்திருந்தால் அவற்றுக்குப் போக்கிடமும் இருக்கும். நடுவில் பாம்பைப் பார்த்தால் அன்றைக்கு வேலை அவ்வளவுதான், பின்வாங்கி 101ஐக் கூப்பிடுங்கள்.

அடிக்கட்டையைக் கடைசியில், உங்கள் பக்கம் அல்லாமல் எதிர்ப்பக்கம் திறக்கும்படி கடப்பாரையால் புரட்டுங்கள். போன மாசியில் என் பழைய படப்பின் கடைசிப் புளியங்கட்டையைப் புரட்டியபோது, அது அழுத்தியிருந்த குழியில் தேரை ஒன்று பாதி உடம்பு மண்ணுக்குள் இருக்க உட்கார்ந்திருந்தது. முதுகெல்லாம் செம்மண், கண் மட்டும் ஈரமாக மின்னியது. தொண்டை மெல்ல ஏறி இறங்கிற்று. மண்ணோடு சேர்த்து மண்வெட்டியில் அள்ளி, புதுப் படப்பின் வடக்கு வாசலில் நிழலில் இறக்கினேன். கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு பின்னங்காலால் மண்ணைக் கிளறிக் கிளறி, பின்பக்கமாகவே கட்டைக்கு அடியில் இறங்கிவிட்டது.